கல்லாவின் இரு பக்கமும் பேச்சு வேண்டும்



கடை என்பது சரக்கு கைமாறும் இடம் மட்டும் அல்ல, பேச்சு கைமாறும் இடமும்கூட. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் நோய், எந்தத் தெருவில் தகராறு என்பதெல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் மளிகைக் கடைக்கு வந்துவிடும். பருப்பு நிறுத்துப் பொட்டலம் கட்டும் நேரத்தில் ஜனங்கள் மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி, ஊரில் ரத்தம் சிந்தும்போது ‘நமக்கென்ன வந்தது, நாம் நம் வியாபாரத்தைப் பார்ப்போம்’ என்று இருந்துவிட முடியுமா?

இந்தக் கேள்வியை நம்மைவிடக் கடுமையாகச் சந்தித்தவர்கள் அமெரிக்க நாட்டு வியாபாரிகள். அங்கே துப்பாக்கியால் நேரும் சாவு கடை வாசல் வரை வந்தது, சில ஊர்களில் கடைக்குள்ளேயே வந்தது. அவர்களில் சிலர் பேசத் தவறியதால் கெட்டார்கள். சிலர் பேச ஆரம்பித்ததால் ஊருக்கு நல்லது செய்தார்கள். இரண்டு கணக்கையும் வரவு, செலவு போலப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

அங்கே துப்பாக்கியும் ஒரு சரக்கு

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. நம்மில் பெரும்பாலோர் அதைப் போலீஸ்காரர் தோளிலும், பாங்க் காவலாளி கையிலும் பார்த்ததோடு சரி. அமெரிக்காவில் நிலைமை வேறு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அவர்கள் அரசியல் சட்டத்திலேயே 1791 முதல் இருக்கிறது. ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ என்ற ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்நாட்டுப் பொதுமக்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் சுமார் 39 கோடி. அன்றைய ஜனத்தொகையோ 33 கோடிக்கும் குறைவு. அதாவது தலைக்கு ஒன்றுக்கு மேல்.

2021ஆம் ஆண்டில் மட்டும் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பள்ளிக்கூடத்தில் சுட்டான், கடைவீதியில் சுட்டான் என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். ஆனால் அந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 20,958 பேர். பாதிக்கு மேல் தற்கொலை என்பது அந்நாட்டு மக்களிலேயே பலருக்குத் தெரியாத விஷயம்.

வியாபாரிக்கு இதில் நான்கு விதத்தில் சம்பந்தம் உண்டு. துப்பாக்கியை விற்பவன் அவன். கொள்ளைக்காரன் துப்பாக்கியோடு நுழைவது அவன் கடையில். பயந்துபோய்க் கல்லாவுக்கு அடியில் தானும் ஒரு துப்பாக்கி வைத்திருப்பவன் அவன். செத்தவன், சுட்டவன் இரண்டு பேர் வீட்டுக்கும் சாமான் கொடுப்பவனும் அவன்தான்.

இவ்வளவு சம்பந்தம் இருந்தும் அவன் வாய் திறக்கப் பயப்படுகிறான். ஏனென்றால் துப்பாக்கி என்று சொன்னாலே அங்கே ஒரே குடும்பத்தில் இரண்டு கட்சி. ‘தடை செய்’ என்பார் ஒருவர், ‘உரிமையைப் பறிக்காதே’ என்பார் மற்றவர். எந்தப் பக்கம் பேசினாலும் பாதி வாடிக்கை போய்விடும் என்ற பயம். இது நியாயமான பயம்தான். ஆனால் வாய் மூடி இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கொரிய வியாபாரிகள்.

பேச்சு எட்டாத கல்லா

லாஸ் ஏஞ்சல்ஸின் தென்பகுதி கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்த ஏழைப் பகுதி. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் அங்கே கடை போட முன்வரவில்லை. கொரியாவிலிருந்து குடியேறியவர்கள் கடனை உடனை வாங்கி அங்கே மளிகை, மதுக்கடைகளைத் திறந்தார்கள். காலையிலிருந்து நள்ளிரவு வரை குடும்பமே கடையில் நின்றது. திருட்டு, கொள்ளை, கடைக்காரர் கொலை எல்லாம் நடந்தன.

ஜனங்களுக்கும் மனக்குறை இருந்தது. ‘எங்களைத் திருடர்களைப் போலப் பார்க்கிறார்கள். அலமாரிக்கு அலமாரி பின்னாலேயே வருகிறார்கள். மீதிச் சில்லறையைக் கையில் கொடுப்பதில்லை, மேஜைமேல் போடுகிறார்கள். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பதில்லை’ என்பது அவர்கள் புகார். கொரியப் பழக்கத்திலோ, முன்பின் தெரியாதவர் கையைத் தொடாமல் இருப்பதும், கண்ணுக்குக் கண் நேராகப் பார்க்காமல் இருப்பதும் மரியாதை. ஒருவர் மரியாதை என்று நினைத்தது மற்றவருக்கு அவமானமாகப் பட்டது. யாராவது இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்து எடுத்துச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய சங்கதி.

பேச்சு அறவே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1986இல் கொரியக் கடைக்காரர்கள் சிலர் கொலையுண்ட பிறகு, இரு சமூகத்துப் பிரமுகர்களும் சேர்ந்து கறுப்பர் கொரியர் கூட்டணி என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். கூட்டங்கள் நடந்தன. ஆனால் பேசியவர்கள் பிரமுகர்கள். கல்லாவில் உட்கார்ந்த கடைக்காரருக்கும், பால் வாங்க வந்த தாய்க்கும் அந்தப் பேச்சு எட்டவில்லை.

1991 மார்ச் 16ஆம் தேதி அப்படிப்பட்ட ஒரு கடைக்கு 15 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஒரு டாலர் 79 சென்ட் விலையுள்ள ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். கடைக்கார அம்மாள் அவள் திருடுகிறாள் என்று நினைத்தார். வாய்ச்சண்டை கைச்சண்டையாயிற்று. அந்தப் பெண் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தபோது, கடைக்கார அம்மாள் துப்பாக்கியை எடுத்துப் பின்னாலிருந்து சுட்டார். அங்கேயே உயிர் போயிற்று. அவள் கையில் இரண்டு டாலர் நோட்டு இருந்தது.

கோர்ட்டு அந்த அம்மாளைக் குற்றவாளி என்றது. ஆனால் சிறைத் தண்டனை கொடுக்கவில்லை. 500 டாலர் அபராதம், 400 மணி நேர சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று விட்டுவிட்டது. ஜனங்கள் மனதில் அது கனன்றுகொண்டே இருந்தது. 1992 ஏப்ரல் 29ஆம் தேதி, ஒரு கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் வேறொரு வழக்கில் விடுதலையானபோது நகரம் பற்றி எரிந்தது. ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சூறையாடப்பட்டும் எரிக்கப்பட்டும் சேதமான கொரியர் கடைகள் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் 40 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். போலீஸ் வராததால் சில கடைக்காரர்கள் தாங்களே துப்பாக்கியோடு கூரைமேல் ஏறி நின்றார்கள். அந்தக் கூட்டணியும் அந்த வருடக் கடைசியில் கலைந்துபோயிற்று.

கலவரத்துக்குக் காரணம் கடைக்காரர்கள்தான் என்று சொல்வது நியாயம் ஆகாது. வறுமை, போலீஸ் கெடுபிடி, வேலையின்மை என்று பல காரணங்கள். ஆனால் வாடிக்கையாளருக்கும் வியாபாரிக்கும் நடுவே பேச்சு இருந்த தெருவும் பேச்சில்லாத தெருவும் அந்த மாதிரி நாளில் ஒன்றாக இருக்காது என்பதை நம் ஊர்க் கலவரங்களைப் பார்த்த யாரும் அறிவோம். எந்தக் கடையைக் காப்பாற்ற அக்கம்பக்கத்தார் வந்து நிற்பார்கள் என்பது கலவரத்தன்று முடிவாவதில்லை. அதற்கு முன்னால் பல வருடம் கொடுத்த சில்லறையிலும் சொன்ன வார்த்தையிலும் முடிவாகிவிடுகிறது.

விற்றவரே பேச ஆரம்பித்தார்

இனி வரவுப் பக்கத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு சிறிய மாநிலம். வேட்டையும் துப்பாக்கியும் பழகிய ஊர்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவார்கள்.

2009ஆம் ஆண்டில் அங்கே ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாதவர்கள். ஆனால் மூன்று பேரும் துப்பாக்கி வாங்கியது ஒரே கடையில், வாங்கிய சில மணி நேரத்திலேயே முடிந்துபோனார்கள். அந்த மாநிலத்தில் காயத்தடுப்பு வேலை செய்யும் ஓர் அம்மையார் இதைக் கடை முதலாளியிடம் சொன்னார்.

அந்த முதலாளி மேல் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. பில் போட்டு, விதிப்படி விசாரித்து விற்ற சரக்கு. ‘வாங்கியவன் என்ன செய்வான் என்று எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டிருந்தால் யாரும் மறுபேச்சு பேசியிருக்க முடியாது. அவர் அப்படிக் கேட்கவில்லை. தம்மைப் போன்ற வியாபாரிகள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்.

துப்பாக்கி வியாபாரிகள், துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர்கள், பொது சுகாதாரத் துறையினர் எல்லோரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள். சட்டம் வேண்டும், வேண்டாம் என்ற பேச்சை அவர்கள் அங்கே கொண்டுவரவில்லை. ‘துயரத்தில் இருக்கும் ஒருவர் கையில் இன்று ராத்திரி துப்பாக்கி போகக் கூடாது’ என்ற ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கடைக்காரருக்கு ஒரு குறிப்புத் தாளும், வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஒரு சுவரொட்டியும் தயாராயின. குறிப்புத் தாளில் இருந்தது வியாபாரிக்குத் தெரிந்த பாஷைதான். வருகிறவருக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எதற்கு வேண்டும் என்றால் பதில் இல்லை. ‘எதுவானாலும் சரி, சீக்கிரம் கொடுங்கள்’ என்கிறார். பேச்சோடு பேச்சாக வேலை போனது, மனைவி பிரிந்தது என்று ஏதோ வருகிறது. இப்படிப்பட்டவருக்கு அவசரப்பட்டு விற்காதே, பேச்சுக் கொடு, சந்தேகம் இருந்தால் விற்காமலே அனுப்பு என்பதுதான் சாரம்.

சுவரொட்டி வாடிக்கையாளருக்கு. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அங்கே சிறு வயதிலேயே பத்துப் பாதுகாப்புக் கட்டளைகளைப் படிப்பார்கள். அதோடு பதினோராவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். வீட்டில் ஒருவர் மனம் உடைந்து தற்கொலை எண்ணத்தில் இருப்பதாகத் தெரிந்தால், அவர் தேறும் வரை துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியே பத்திரமான இடத்தில் வையுங்கள் என்பது அந்தக் கட்டளை. சொன்னது அரசாங்கமும் அல்ல, எதிர்க்கட்சியும் அல்ல, துப்பாக்கி விற்கும் கடைக்காரரே. அதனால் ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

2011இல் இவை மாநிலத்துத் துப்பாக்கிக் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தபோது, 65 கடைகளில் 48 சதவீதம் கடைகள் ஏதாவது ஒன்றையாவது மாட்டி வைத்திருந்தன. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று குப்பையில் போட்டிருக்கலாம். ஏறக்குறைய பாதிப் பேர் மாட்டினார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. பின்னால் இந்த முறை இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவியது. துப்பாக்கித் தொழிலின் தேசிய வணிகச் சங்கமே 2016இல் தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றோடு கை கோத்து, கடைகளுக்கு இப்படிப்பட்ட தாள்களைக் கொடுக்க முன்வந்தது. கொலராடோ மாநிலத்தில் 2019இல் இன்னொரு படி மேலே போனார்கள். வீட்டில் வைத்திருக்க முடியாத துப்பாக்கியைச் சில காலம் வாங்கிப் பத்திரப்படுத்தித் தரும் கடைகள், போலீஸ் நிலையங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடம் வெளியிட்டார்கள். பிறர் பொருளை நம்பிக்கையாக வைத்திருந்து திருப்பிக் கொடுப்பது வியாபாரிக்குப் புதிதா என்ன?

இதனால் எத்தனை உயிர் பிழைத்தது என்று கேட்டால் எண்ணிக் காட்ட முடியாது. நடக்காத சாவைப் பேரேட்டில் எப்படிப் பதிவது? ஆனால் டாக்டர்கள் ஆராய்ந்து சொன்ன ஓர் உண்மை இருக்கிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னால் தற்கொலையில் சாவதில்லை. அந்த நேரத்து வேகம்தான் ஆளைக் கொண்டுபோகிறது. துப்பாக்கியை எடுத்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை, மறுபடி யோசிக்க அவகாசமே கிடைப்பதில்லை. அந்த அவகாசத்தைக் கொடுக்கும் இடமாகக் கடை இருக்க முடியும்.

கடையே களமானபோது

நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ என்ற நகரம். அதன் கிழக்குப் பகுதி கறுப்பின மக்கள் வாழும் பகுதி. நல்ல காய்கறி, பழம் வாங்கக்கூட அங்கே கடை இல்லாமல், மக்கள் பல வருடம் கேட்டுக் கேட்டு 2003இல் ‘டாப்ஸ்’ சூப்பர் மார்க்கெட் வந்தது. 2022 மே 14ஆம் தேதி, நிறவெறி பிடித்த ஓர் இளைஞன் வேறு ஊரிலிருந்து காரில் வந்து, அந்தக் கடையில் 10 பேரைச் சுட்டுக் கொன்றான். பத்துப் பேரும் கறுப்பினத்தவர்.

கடை மூடியது. மறு நாளே இன்னொரு கஷ்டம் தெரிந்தது. அரிசி பருப்பு வாங்க அந்தப் பகுதிக்கு வேறு கடை இல்லை. நிறுவனம் தன் இன்னொரு கடைக்கு ஜனங்களை இலவசமாக வண்டியில் அழைத்துப் போனது. கடையைத் திறப்பதா, இடிப்பதா என்பதில் மக்களிடையே இரண்டு கருத்து. ‘எங்கள் மக்கள் செத்த இடத்தில் நின்று நாங்கள் எப்படிச் சாமான் வாங்குவோம்?’ என்றார்கள் சிலர். ‘மூடினால் நம்மைப் பட்டினி போட்டு அவன் ஜெயித்ததாக ஆகும்’ என்றார்கள் வேறு சிலர். இரண்டும் நியாயம்தான்.

உள்ளே எல்லாவற்றையும் மாற்றிக் கட்டி, இறந்தவர்களுக்கு நீர்ச்சுவர் ஒன்றை நினைவுச் சின்னமாக வைத்து, இரண்டு மாதம் கழித்து ஜூலை 15ஆம் தேதி கடை திறந்தது. எல்லோருக்கும் மனம் ஆறியது என்று சொல்ல முடியாது. இன்னும் காத்திருந்திருக்கலாம் என்றவர்களும் உண்டு. ஆனாலும் ஒரு மளிகைக் கடையைத் திறப்பதா வேண்டாமா என்று ஊரே பேசியது என்றால், அந்தக் கடை ஊருக்கு என்னவாக இருந்தது என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் செய்தது

பெரிய நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. ‘ஸ்டார்பக்ஸ்’ காப்பிக்கடை நிறுவனத்தின் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2013 செப்டம்பரில், கடைக்குள் துப்பாக்கி கொண்டு வராதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். தடை போடவில்லை, வேண்டுகோளாகவே வைத்தார். 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடா மாநிலப் பள்ளி ஒன்றில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, ‘டிக்ஸ்’ என்ற விளையாட்டுச் சாமான் நிறுவனம் ராணுவ மாதிரித் துப்பாக்கிகளை விற்பதை அறவே நிறுத்தியது. கையிருப்பில் இருந்த சுமார் 50 லட்சம் டாலர் சரக்கைத் திருப்பி அனுப்பாமல் உடைத்துப் பழைய இரும்பாக்கியது. 2019 ஆகஸ்டில் எல் பாசோ நகரத்து ‘வால்மார்ட்’ கடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 உயிர்கள் போயின. அடுத்த மாதமே அந்நிறுவனம் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்தது.

இவை துணிச்சலான முடிவுகள். ஆனால் முடிவு வேறு, உரையாடல் வேறு. அதே ஸ்டார்பக்ஸ் 2015 மார்ச்சில் இன்னொன்று செய்து பார்த்தது. இனப் பிரச்சினையைப் பற்றி வாடிக்கையாளரோடு பேச்சைத் துவக்க, காப்பிக் கோப்பைமேல் ஒரு வாசகம் எழுதிக் கொடுக்கும்படி கடைப் பையன்களுக்குச் சொன்னது. ஊரே கேலி செய்தது. ஒரு வாரத்தில் கோப்பையில் எழுதுவது நின்றது. காலை நேரத்தில் வேலைக்கு ஓடுகிறவரை நிறுத்தி, முன்னூறு வருடத்துப் புண்ணைப் பற்றிப் பேசு என்றால் யார் பேசுவார்? மேலே இருந்து உத்தரவு போட்டு வரவழைக்கும் பேச்சு, கலப்படச் சரக்கு மாதிரி. முதல் வாடிக்கையாளரே கண்டுபிடித்துவிடுவார்.

வியாபாரிகள் எடுத்துக்கொள்ள வேண்டியவை

இந்த அனுபவங்களிலிருந்து எந்த ஊர் வியாபாரியும் எடுத்துக்கொள்ளக்கூடிய சில விஷயங்களைக் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

1. முதல் பேச்சு வியாபாரிக்குள் நடக்கட்டும். நியூ ஹாம்ப்ஷயரில் கடைக்காரர் சொன்னதைக் கடைக்காரர் கேட்டார். அதிகாரி வந்து சொன்னால் உத்தரவாகத் தெரியும், சக வியாபாரி சொன்னால் யோசனையாகத் தெரியும். சங்கத்தின் மாதக் கூட்டத்தில் வரி, வாடகை பேசி முடித்த பிறகு இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

2. எல்லோரும் ஒப்பும் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கட்சியும் சட்டமும் தீராத வழக்கு. ‘இந்தத் தெருவில் இனி ஒரு பிள்ளை சாகக் கூடாது’ என்பதில் வழக்கே இல்லை. அங்கிருந்து துவங்கினால் மற்றவை தானாக வரும்.

3. வியாபார நேரத்தில் வேண்டாம். கூட்டம் நெரியும்போது நடப்பது பேச்சு அல்ல, தகராறு. கடை அடைத்த பிறகு நாலு பெஞ்சு போட்டு, டீ வரவழைத்து உட்காரலாம். வியாபாரியிடம் இடம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, எல்லாத் தரப்பாருக்கும் அவர் தெரிந்தவராக இருக்கிறார். இந்த மூன்றும் ஊரில் வேறு யாரிடமும் சேர்ந்தாற்போல இல்லை.

4. பறிகொடுத்தவர்கள் முதலில் பேசட்டும். பிள்ளையை இழந்த தாய் பேசி முடிக்கும் வரை யாரும் யோசனை சொல்லக் கூடாது. வியாபாரிக்கு எதற்கும் உடனே விலை சொல்லிப் பழக்கம். அங்கே அதை அடக்க வேண்டும்.

5. பிரமுகர் பேச்சோடு நிறுத்தக் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது அதுதான். பொட்டலம் மடிக்கும் பையனும், மூட்டை தூக்குபவரும், தினம் பத்து ரூபாய்க்குச் சாமான் வாங்குபவரும் வந்து உட்கார வேண்டும்.

6. விளம்பரம் கூடாது. இறந்தவர் பெயரால் பானர் கட்டிக் கீழே கடைப் பெயரைப் போட்டால், அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

7. விடாமல் நடத்த வேண்டும். துக்கம் நடந்த வாரத்தில் எல்லோரும் வருவார்கள். ஆறாவது மாதத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் கணக்கு.

8. அன்றாட மரியாதையே பெரிய உரையாடல். சில்லறையைக் கையில் கொடுப்பது, பெயர் சொல்லி விசாரிப்பது, சந்தேகப்பட்டுப் பின்னால் போகாமல் இருப்பது. காசு செலவில்லாத இந்த மூன்றும் இல்லாத கடையில் எந்தக் கூட்டம் போட்டும் பயனில்லை.

நம் அலமாரியில் இருப்பது

‘இதெல்லாம் துப்பாக்கி விற்கும் நாட்டுக் கதை, நாம் உப்பு, புளி விற்பவர்கள்’ என்று சிலர் நினைக்கலாம். நியூ ஹாம்ப்ஷயர்க் கடைக்காரருக்கு வந்த கேள்வி நமக்கும் உண்டு. நம் மளிகைக் கடை அலமாரியில் எலி மருந்து இருந்திருக்கிறது. உரக்கடை நடத்தும் நண்பர்களிடம் பூச்சி மருந்து இருக்கிறது. பில் போட்டு, முறைப்படி விற்கிற சரக்குதான். ஆனால் மனம் உடைந்த ஒருவர் கையில் அது போனால் என்ன ஆகும் என்பது ஊர்ப்புறத்து வியாபாரி ஒவ்வொருவருக்கும் தெரியும். 2022 செப்டம்பரில், எலி மருந்தைக் கண்ணில் படும்படி கடையில் வைக்க வேண்டாம், தனியாக வந்து கேட்பவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று நம் மாநில சுகாதார அமைச்சர் கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டார்.

அதை ஒரு கெடுபிடியாக எடுத்துக்கொள்ளாமல், நம் தொழிலின் பொறுப்பாக எடுத்துக்கொள்வது நல்லது. அங்கே அவர்கள் செய்ததையே இங்கே செய்யலாம். அந்தச் சரக்கைப் பின்னால், பூட்டி வைக்கலாம். கேட்பவர் முகத்தைப் பார்க்கலாம். ‘வீட்டில் எலித் தொல்லையா? எத்தனை நாளாக?’ என்று இரண்டு வார்த்தை கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் ‘சரக்கு இல்லை’ என்று சொல்லிவிட்டு, உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, தெரிந்தவர் யாரையாவது கூப்பிடலாம். 104, 14416 ஆகிய இரண்டு எண்களிலும் மன ஆலோசனை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அந்த எண்களைப் பெரிதாக எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். கடைப் பையன்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஏனென்றால் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில்தான் பல சரக்கு கைமாறுகிறது. மொத்த வியாபாரிகளாகிய நாங்களும் சரக்கை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்காமல், ஒவ்வொரு பெட்டியோடும் இந்தக் குறிப்பை ஒரு தாளில் அச்சடித்து அனுப்பலாம். ஒரு தாளுக்கு ஆகும் செலவு சில பைசா.

ஒரு பாக்கெட் விற்காமல் போனால் நஷ்டம் சில ரூபாய். விற்றிருந்தால் ஒரு குடும்பம் போயிருக்கலாம். இந்தக் கணக்குக்குப் பேரேடு தேவையில்லை.

நமக்கு முன் இருந்த வியாபாரிகள் லாபத்தில் மகமை எடுத்து வைத்துக் கோயிலும் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். ஊர் இருந்தால்தான் கடை என்பது அவர்கள் கண்ட உண்மை. நம்மிடம் மகமையாகக் கேட்கப்படுவது பணம் அல்ல, கொஞ்சம் நேரமும் நாலு நல்ல வார்த்தையும்தான். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அடுத்த கூட்டத்திலேயே இதை ஒரு பொருளாக எடுத்துப் பேச வேண்டும், முடிவெடுத்ததை நம் இதழுக்கு எழுத வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.